யேசுரட்ணத்தின் ஒப்பீட்டு மூளை

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், முன்பு கலியாண மண்டபமாக இருந்த கட்டிடத்தில், தேசிய மூளையலை ஒழுங்குபடுத்தல் அதிகார சபை இயங்கிவந்தது. இயங்கிவந்தது என்பது அவர்களே சொல்லிக்கொண்டது. மணவறை இருந்த மேடையில் பணிப்பாளர் டொக்டர் ஜீவராஜ் கதிரை போட்டு அமர்ந்திருந்தார். பந்தி பரிமாறிய கூடத்தில் மூளைகளைப் பரிசோதித்தார்கள். பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்துக்கு மேலே ‘பொதுமக்கள் முறைப்பாட்டுப் பிரிவு’ என்று பலகை தொங்கியது. குழாய்கள் அப்படியே இருந்தன.

யேசுரட்ணம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கொட்டாஞ்சேனைக்காரர். கப்பலில் இருந்து இறங்குகிற எந்தப் பாரத்துக்கும் பயப்படாதவருக்குக் அரசாங்கக் கந்தோர் வாசலைக் கண்டால் மட்டும் பயம். ஆனாலும் வந்தார். வராமல் முடியவில்லை.

காரணம் நேசம். அவருடைய மனைவி. கப்பல் கொம்பனி ஒன்றில் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்து, மூன்று பாஷையிலும் பெரிய பெரிய ஆட்களை ‘கொஞ்சம் லைனில் நில்லுங்கள்’ என்று நிறுத்தி வைத்தவள். இப்போது அவளுக்கு மறதி நோய். முதலில் அடுப்பை மறந்தாள். பிறகு கோயிலுக்குப் போகிற வழியை மறந்தாள். கடைசியில் மறதி புருசனிடம் வந்து நின்றது. காலையில் அவரை நன்றாகத் தெரியும்; தேத்தண்ணிக்குச் சீனி கூடிவிட்டது என்று சண்டை பிடிக்கிற அளவுக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாடு முடிந்தால், அவர் ஃபேன் திருத்த வந்த ஆள். மரியாதையாகக் கதிரை காட்டுவாள். உங்கள் வீட்டில் தேட மாட்டார்களா என்று கேட்பாள். இரவில் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கதவைத் திறக்கப் பார்ப்பாள் என்பதால் யேசுரட்ணம் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுப்பார். அதைப் படுக்கை என்றுதான் சொல்லலாம், நித்திரை என்று சொல்ல முடியாது.

அவரைப் பயமுறுத்தியது அந்த மத்தியானம்தான். மாதத்துக்கு மாதம் அது முந்தி முந்தி வர ஆரம்பித்தது. ஒருநாள் விடியும்போதே மத்தியானமாக விடிந்துவிட்டால்? சண்டை பிடிக்க ஆளில்லாத வீட்டில் அவர் என்ன செய்வார்?

ஆஸ்பத்திரி டொக்டர் நல்ல மனுசி. விளக்கமாகச் சொன்னார். மூளைக்குள் எந்த நேரமும் மின் அலைகள் ஓடுகின்றன. இந்த நோயில் வேகமான அலைகள் குறைந்து மந்தமான அலைகள் கூடுகின்றன. செக்கனுக்கு நாற்பது தரம் மினுங்குகிற வெளிச்சத்தைக் கண்ணுக்குக் காட்டினால் மூளையும் அந்தத் தாளத்தைப் பிடிக்கும் என்று வெளிநாட்டில் சோதித்துப் பார்க்கிறார்கள். பலன் உண்டென்று உறுதியாகச் சொல்ல முடியாது, கெடுதல் பெரிதாக இல்லை, முயற்சி செய்து பார்க்கலாம் என்றார். அந்த வெளிச்சம் இலங்கையில் ஓரிடத்தில்தான் இருந்தது. மற்ற எவரும் மினுங்குகிற விளக்கு வைத்திருக்கக் கூடாது என்று அதிகார சபை அரசாங்க வர்த்தமானியில் போட்டிருந்தது. அந்த வருசம் கிறிஸ்மஸ் மரங்கள் எல்லாம் மினுங்காமல் விறைத்துப்போய் நின்றன.

வாசலில் காவலாளி நம்பர் கொடுத்தார். துண்டு கிடையாது, சபை டிஜிட்டலுக்கு மாறிவிட்டது. காதுக்குள் ஒரு தரம் சொல்வார். அதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். கூப்பிடும்போது எழுந்தவர்களை, உங்களுக்குத்தான் நல்ல ஞாபகம் இருக்கிறதே என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். எழும்பாதவர்கள், கூப்பிட்டும் வராதவர்கள் என்று பதியப்பட்டார்கள். இந்த ஏற்பாட்டால் வரிசை மிக ஒழுங்காக இருந்தது. அசைவே இல்லை.

யேசுரட்ணம் தன் நம்பரைச் செபமாலை மாதிரி உருட்டிக்கொண்டு முழித்தார். நேசம் மட்டும் எழுந்து நேரே உள்ளே நடந்தாள். அங்கே இருந்த உத்தியோகத்தரிடம், ஐந்து நிமிசத்துக்கு மேல் லைனில் வைத்திருப்பது மரியாதையில்லை என்று முதலில் சிங்களத்திலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னாள். அந்தக் குரலுக்கு உத்தியோகத்தர் எழுந்து நின்றுவிட்டார். மேலிடத்து ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். இருவரையும் உடனே பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்.

சபையின் சட்டம் ஒன்று உண்டு. எந்த மூளையையும் தனியாக நோய்ப்பட்டது என்று சொல்ல முடியாது. இன்னொரு மூளையோடு ஒப்பிட்டுத்தான் சொல்லலாம். ஆகவே நோயாளியோடு ஓர் ஒப்பீட்டு மூளையும் வரவேண்டும். புருசன் பெண்சாதி என்றால் வசதி. றொசானா என்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் இருவர் தலையிலும் வயர் வைத்த தொப்பியை மாட்டி, பசை தடவி, பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருத்தினாள். நோயாளி யார், ஒப்பீடு யார் என்று அவள் கேட்கவில்லை. அது பரிசோதனையின் நடுநிலைமையைக் கெடுக்குமாம்.

கதிரை மெத்தைக் கதிரை. ஏசி வேறு. மாதக்கணக்கில் கதவுக்குக் குறுக்கே கிடந்த யேசுரட்ணத்துக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வாய் திறந்து குறட்டை விட்டார். பக்கத்தில் நேசம் ஒரு கணமும் வாய் மூடவில்லை. சலூனில் அலங்கரித்த தலைமுடியில் பசையைப் பூசினால் யார் கழுவுவது, உன் மேலதிகாரி யார், அவருடைய எக்ஸ்டென்சன் நம்பர் என்ன என்று றொசானாவைத் துளைத்து எடுத்தாள். திரையில் அவளுடைய கோடு தையல் மெசின் மாதிரி ஓடியது. அவருடையது மட்டக்குளி ஆறு மாதிரி மெதுவாகப் புரண்டது.

நடுவில் கரையோர ரெயில் போனது. கட்டிடம் குலுங்க, எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் மேலே பாய்ந்தன. உத்தியோகத்தர்கள் வேலையை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். இதுதான் டொக்டர் ஜீவராஜ் கண்டுபிடித்த ‘கொழும்பு அலை’. வேறெந்த நாட்டு மூளையிலும் இல்லாத இந்த அலை காலையிலும் பின்னேரமும் கந்தோர் நேரத்தில் அதிகமாகவும் ஞாயிற்றுக்கிழமையில் குறைவாகவும் காணப்படுகிறது என்று அவர் எழுதி, வெளிநாடு போய்ப் பரிசும் வாங்கி வந்திருந்தார். ரெயில்வே வேலைநிறுத்தம் நடந்த கிழமையில் நாட்டு மக்களின் மூளை வீழ்ச்சி கண்டுவிட்டதாக அறிக்கை விட்டதும் அவர்தான்.

முடிவை மேடையில் வைத்து வாசித்தார்கள். நோயாளி: யேசுரட்ணம். பராமரிப்பாளர்: நேசம்.

யேசுரட்ணம் கிரேனில் இருந்து தவறி விழுந்தவர் போல நின்றார். பிறகு நாக்கைத் தேடிப் பிடித்து, “சேர், நான் நித்திரை கொண்டுட்டன். அதுதான் அப்பிடிக் காட்டுது. வருத்தம் அவவுக்கு” என்றார்.

டொக்டர் ஜீவராஜ் அனுதாபத்தோடு தலையாட்டினார். “எல்லா நோயாளிகளும் இதைத்தான் சொல்கிறார்கள். நான் நித்திரை கொண்டேன், எனக்கு ஒன்றுமில்லை, மனைவிக்குத்தான் நோய். நோயை மறுப்பது இந்த நோயின் முதல் அறிகுறி. நீங்கள் மறுக்க மறுக்க எங்கள் முடிவு உறுதியாகிறது. தயவுசெய்து இன்னும் கொஞ்சம் மறுங்கள், றொசானா குறித்துக்கொள்வாள்.”

அவர் மறுக்கவில்லை. மறுக்காததை நோய் முற்றியதற்கு அடையாளமாகக் குறித்துக்கொண்டார்கள். நேசத்திடம் கேட்டபோது நேரம் மத்தியானம் தாண்டியிருந்தது. இந்தக் கனவான் காலையில் இருந்து தன் பின்னாலேயே வருவதாகவும், பாவம், எங்கே போவதென்று தெரியாமல் திரிகிறார் போலிருக்கிறது என்றும் அவள் அழகான ஆங்கிலத்தில் சொன்னாள். மேடையில் இருந்த அத்தனை பேரும் உருகிப்போனார்கள். இப்படி ஒரு பராமரிப்பாளரைத் தாங்கள் கண்டதே இல்லை என்றார்கள்.

இறங்கி வரும் வழியில் நடைபாதையில் ஒரு ரியூப்லைட் விட்டு விட்டு எரிந்தது. ஸ்டார்ட்டர் போய்விட்டது. அதற்குக் கீழே ஒரு கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள். அடுத்த நாள் பார்த்தால் அதைச் சுற்றி இரும்பு வேலி போட்டு, ‘அனுமதியின்றி உற்று நோக்குதல் தண்டனைக்குரிய குற்றம்’ என்று மூன்று பாஷையிலும் எழுதி, ஒரு காவலாளியையும் நிறுத்தியிருந்தார்கள். பல்ப்பை மாற்றுகிற அதிகாரம் சபைக்கு இல்லை என்று கேள்வி.

ஆனாலும் யேசுரட்ணம் மனம் தேறினார். நோயாளி என்ற பெயர் அவருக்கு. கூட வருவது நேசம். வெளிச்சத்துக்கு யார் பெயரில் வருகிறார்கள் என்று தெரியவா போகிறது? பக்கத்தில் இருந்தால் அவள் கண்ணிலும் படும்தானே?

சபை அதையும் யோசித்திருந்தது. அரசாங்க வெளிச்சம் உரித்தில்லாத கண்களில் விழுந்து வீணாகாதபடி, பராமரிப்பாளர்கள் கறுப்புக் கண்ணாடி அணிய வேண்டும். வெல்டிங் பட்டறையில் போடுகிற கண்ணாடி. முதல் நாள் நேசம் அதைப் போட்டுக்கொண்டு இருட்டுக்குள் அமர்ந்திருந்ததைப் பார்த்தபோது யேசுரட்ணத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நாற்பது தரம் மினுங்குகிற வெளிச்சம், ஒரு வருத்தமும் இல்லாத தன் கண்ணில் வந்து விழுந்துகொண்டிருக்கிறது. விழவேண்டிய கண் ஒரு முழத்துக்கு அப்பால் மூடிக் கிடக்கிறது. இதை எந்த மாதாவிடம் போய்ச் சொல்வது?

சொல்லத் தேவைப்படவில்லை. விளக்கைப் போட்டவுடன் உத்தியோகத்தர்கள் தலையிடிக்கிறது என்று தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள். கதவு சாத்தியதும் யேசுரட்ணம் மெதுவாக நேசத்தின் கண்ணாடியைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டார். நேசம் வெளிச்சத்தைப் பார்த்தாள்.

“படம் தொடங்கப் போகுதோ?” என்று கேட்டாள்.

“ஓம். பாத்துக்கொண்டு இரு.”

அப்படியே வழக்கமாகிவிட்டது. தினமும் காலையில் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்தார்கள். அவள் படம் பார்த்தாள். அவர் கறுப்புக் கண்ணாடிக்குள், மெத்தைக் கதிரையில், ஏசிக் குளிரில், யாரும் கதவைத் திறந்து ஓடமாட்டார்கள் என்ற நிம்மதியில் அடித்துப் போட்டது போல நித்திரை கொண்டார். நித்திரை கொள்ளக் கொள்ள மனுசனுக்கு முகம் தெளிந்தது. மாதமுடிவில் றொசானா பரிசோதித்தபோது அவருடைய கோடு இளந்தாரியுடையது போல ஓடியது. கிழமை என்ன, திகதி என்ன, ஜனாதிபதி யார், நூறில் இருந்து ஏழு ஏழாகக் கழித்தால் என்ன என்று கேட்ட எல்லாவற்றுக்கும் கப்பலில் சரக்கு எண்ணிய பழக்கத்தில் படபடவென்று பதில் சொன்னார்.

நேசத்தை யாரும் பரிசோதிக்கவில்லை. அவருக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. மத்தியானம் கொஞ்சம் பிந்தி வருகிறதோ என்று. வெளிச்சமோ, தினமும் பஸ்ஸில் போய்வருவதோ, அவர் எரிந்து விழாமல் கதைப்பதோ, ஏது என்று அவருக்குத் தெரியாது. சில நாட்களில் சாப்பிட்ட பிறகும் அவரைச் சந்தேகத்தோடு உற்றுப் பார்ப்பாள். ஃபேன் திருத்துகிறவரை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

இந்த நிலைமையில்தான் இடி விழுந்தது. சபையின் வரலாற்றில் குணமான முதல் நோயாளி யேசுரட்ணம் என்று அறிவித்தார்கள். மறுநாள் ஆண்டு விழாவில் பிரதம விருந்தாளி முன்னிலையில் மேடையேற்றிச் சான்றிதழ் கொடுக்கப் போகிறார்கள். றொசானாவுக்கு அவர்கள் இருவர் மேலும் உள்ளூரப் பிரியம். கைபிடித்து வாழ்த்துச் சொன்னாள்.

“இனி நீங்க மினக்கெட்டு வரத் தேவையில்ல, அங்கிள். சுகமான ஆக்களுக்கு வெளிச்சம் இல்ல. நாளையில இருந்து உங்கட கதிரை வேற ஆளுக்கு.”

யேசுரட்ணம் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை. சான்றிதழ் வாங்கினால் நேசத்தின் வெளிச்சம் போய்விடும். சுகமில்லாதவனாகவே இருக்க வேண்டும். அதுவும் எல்லோருக்கும் முன்னால்.

விழா காலையில் என்று அழைப்பிதழில் இருந்தது. பிரதம விருந்தாளி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். மங்கள விளக்கு ஏற்றினார்கள். அது நிதானமாக எரிந்தபடியால் சட்டப்படி பிரச்சினை இல்லை. தேசிய கீதம் முடிந்து டொக்டர் ஜீவராஜ் பேச எழுந்தார்.

“எங்கள் சபை தொடங்கிய நாளில் இருந்து இன்றுவரை, சிகிச்சை பலிக்கவில்லை என்று ஒரு நோயாளியாவது முறைப்பாடு செய்ததில்லை. முறைப்பாடு செய்ய வந்தவர்களும் எதற்காக வந்தோம் என்பதை மறந்து கை கழுவிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்களிடம் ஆலோசனை கேட்டு வந்த வெளிநாட்டு நிபுணர் ஒருவர், இந்த நிறுவனம் எதற்காக இருக்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேட ஒரு குழு அமைத்துள்ளோம். குழு இதுவரை மூன்று தடவை கூடியிருக்கிறது. எதற்காகக் கூடினோம் என்பதைத் தவிர மற்ற எல்லா விடயங்களிலும் இணக்கம் காணப்பட்டது.”

கைதட்டல் ஓய்ந்ததும் யேசுரட்ணத்தையும் நேசத்தையும் மேடைக்கு அழைத்தார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினார்கள். நேசத்துக்கு நேரம் தாண்டிவிட்டது. முன்பின் தெரியாத ஒரு மனிதருக்குப் பக்கத்தில் இருத்திவிட்டார்களே என்று கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். யேசுரட்ணத்துக்கு அதைப் பார்க்கவே தாளவில்லை.

டொக்டர் ஜீவராஜ் மைக்கை நீட்டினார். “ஐயா, சபையோருக்குச் சொல்லுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த அம்மா யார்?”

யேசுரட்ணம் திரும்பி அவளைப் பார்த்தார். மாதா கோயில் அல்தாருக்கு முன்னால் மோதிரம் மாற்றிய விரல் அது. எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பு எரிந்த நேரத்திலும் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்ற விரல்.

“தெரியாது, சேர்.”

பணிப்பாளர் விருந்தாளியைப் பார்த்துச் சிரித்தார். கூச்சப்படுகிறார் என்றார். “நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். தினமும் உங்களோடு வருகிறவர்.”

“நான் இவவைக் கண்டதில்ல.”

சிரிப்பு நின்றது. முன்வரிசையில் விருந்தாளி மணிக்கூட்டைப் பார்த்தார். டொக்டர் ஜீவராஜ் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாந்தரமும் கேட்டார்.

“சத்தியமாத் தெரியாது” என்றார் யேசுரட்ணம். கடற்கரைப் பக்கம் ரெயில் கூவிக்கொண்டு போனது.

அப்போது நேசம் கைப்பையைக் கீழே வைத்தாள். அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். பிறகு எட்டி மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

“இந்த மனுசன் பச்சைப் பொய் சொல்லுது. பொய் சொல்லேக்குள்ள இடக்காதைச் சொறியும், பாருங்கோ. கலியாணத்துக்கு முதல் என்ர அப்பாவிட்ட, நான் குடிக்கிறேல்ல எண்டு சொல்லேக்குள்ளயும் இந்தக் காதைத்தான் சொறிஞ்சது. என்னைத் தெரியாதாம்.”

யேசுரட்ணத்தின் கை உண்மையாகவே இடக்காதில்தான் இருந்தது. எடுக்க மறந்துபோய் அப்படியே இருந்தார். நேரம் மத்தியானம் கடந்து எவ்வளவோ ஆகியிருந்தது. அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்தால் குணமாகிவிடுவார். ஆகவே யாரோ ஒரு பெண் யாரையோ ஏசுகிறாள் என்பது போலக் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கண் மட்டும் சொல்வழி கேட்கவில்லை. றொசானா கிட்ட வந்து பார்த்து, ‘கண்ணீர் வடிதல், வெளிச்சத்தின் பக்கவிளைவு’ என்று எழுதினாள். எழுதும்போது அவளும் மூக்கை உறிஞ்சினாள்.

டொக்டர் ஜீவராஜ் தடுமாறவில்லை. நிறுவனம் நடத்துகிறவர்கள் தடுமாறுவதில்லை. பராமரிப்பாளர்களும் காலப்போக்கில் மறுப்பு நிலைக்கு ஆளாவது இயற்கை என்றும், நோயாளிக்கு எல்லாம் ஞாபகம் இருப்பதாக இந்த அம்மா கற்பனை செய்வது உருக்கமானது என்றும் விளக்கினார். ஆசியாவிலேயே குணமான முதல் நோயாளியைக் காட்டுவதாக இருந்தோம், அதற்குப் பதிலாக ஆசியாவிலேயே குணமாகித் திரும்பவும் நோய்ப்பட்ட முதல் நோயாளியைக் காட்டியிருக்கிறோம், இது இன்னும் அரிது என்றார். யேசுரட்ணத்துக்குக் காலவரையறையின்றிச் சிகிச்சை நீடிக்கப்பட்டது. சபையோர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பஸ்ஸில் ஏறியது முதல் நேசம் ஏசத் தொடங்கினாள். நாலு பேருக்கு முன்னால் தாலி கட்டின பெண்சாதியைத் தெரியாது என்று சொன்ன வாய்க்கு இனிச் சோறு கிடையாது என்றாள். மாமியார் இவரை இப்படித்தான் வளர்த்தார் என்றாள். பம்பலப்பிட்டியில் அவருடைய தங்கச்சியை இழுத்தாள். கொள்ளுப்பிட்டியில், பழைய கதை ஒன்றை, அவரே மறந்துபோன ஒன்றை, நாள் நட்சத்திரத்தோடு எடுத்துப் போட்டாள். முன்சீட்டில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யேசுரட்ணம் ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டு வந்தார்.

காலிமுகத்திடலைத் தாண்டியபோது அவள் குரல் கொஞ்சம் இறங்கினது போல இருந்தது. கொட்டாஞ்சேனைக்கு இன்னும் தூரம் இருந்தது; அங்கே இறங்கும்போது அவர் திரும்பவும் ஃபேன் திருத்த வந்த ஆளாகிவிடலாம். புறக்கோட்டையில் றோட்டு முழுக்க லொறி அடைத்து நிற்க வேண்டும், இன்றைக்குப் பார்த்து ஒரு சிக்னலும் பச்சையாகக் கூடாது என்று யேசுரட்ணம் கண்ணை மூடிக்கொண்டு மாதாவை வேண்டினார்.